மரம் போன பிறகு தண்ணீர் யாருக்கு?

கேட்கப்பட்ட கேள்வி இது: "எனக்குப் படிப்பு நன்றாக வரும். எந்த வேலையைக் கொடுத்தாலும் எப்படியாவது முடித்துவிடுவேன். ஆனால் எதைத் தொடர்வது, எதை விடுவது என்பதில் மட்டும் திரும்பத் திரும்பக் கோட்டை விடுகிறேன். அறிவுக்கும் விவேகத்துக்கும் அப்படி என்னதான் வித்தியாசம்?"

வாட்ஸப்பில் சுற்றும் தக்காளி ஜோக்கை நீங்களும் பார்த்திருப்பீர்கள். தக்காளி ஒரு பழம் என்று தெரிந்தால் அறிவு, அதைப் பழக்கலவையில் போடாமல் இருந்தால் விவேகம் என்று போகும். சிரிக்கலாம், வாழ்க்கைக்கு உதவாது. "வயசானா தானா வரும்" என்பது அடுத்த பதில். எழுபது வயதிலும் வராதவர்களை எங்கள் வீட்டிலேயே காட்ட முடியும் என்பதால் அதையும் நான் நம்புவதில்லை.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். ஒரு வேலையை எதற்காகக் கையில் எடுத்தோம் என்பதை மறக்காமல் இருப்பதும், அந்தக் காரணத்துக்கு இன்னும் உயிர் இருக்கிறதா என்று அவ்வப்போது தொட்டுப் பார்ப்பதும்தான் விவேகம். கெட்டிக்காரர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கஷ்டம். கை ஓடாதவனுக்கு வேலையே அலுத்துப்போய் "எதற்கு இதைச் செய்கிறோம்" என்று ஒரு நாள் தோன்றிவிடும். கை ஓடுகிறவனுக்கு அந்த அலுப்பே வராது. ஒரு முடிச்சை அவிழ்த்ததும் அடுத்த முடிச்சு கண்ணில் படும், அதிலேயே பொழுது போய்விடும்.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான உதாரணம் ஜோசப் ராட்பிளாட் என்ற இயற்பியலாளர். 1908ல் வார்சாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப் போரில் குடும்பம் நொடித்துப்போக, எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துக்கொண்டே படித்தார். நியூட்ரானைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் சாட்விக்கிடம் வேலை செய்ய 1939ல் இங்கிலாந்தின் லிவர்பூலுக்குப் போனார். அந்த ஆகஸ்டு கடைசியில் மனைவி டோலாவை அழைத்துவரப் போலந்துக்குத் திரும்பினார். டோலாவுக்கு அப்போதுதான் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. உடம்பு தேறியதும் வரட்டும் என்று இவர் மட்டும் ரயிலேறினார். செப்டம்பர் 1 அன்று ஜெர்மன் படை போலந்துக்குள் நுழைந்தது. டோலா கடைசிவரை வந்து சேரவில்லை. நாஜிகளின் யூதப் படுகொலையில் மாண்டுபோனார்.

இப்படிப்பட்டவருக்கு ஹிட்லரைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அணுவைப் பிளந்து குண்டு செய்யலாம் என்று முதலிலேயே கணக்குப் போட்டவர்களில் இவரும் ஒருவர். அந்த நினைப்பே அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஜெர்மனியிடம் நல்ல விஞ்ஞானிகள் இருந்தார்கள். அவர்கள் செய்துவிட்டால்? எதிராளியிடமும் ஒன்று இருந்தால்தான் ஹிட்லர் அதைப் போடத் தயங்குவார். இந்த ஒரே காரணத்துக்காகத்தான் அவர் அந்த வேலையில் இறங்கினார். 1944 தொடக்கத்தில், அமெரிக்கா ரகசியமாக அணுகுண்டு செய்துகொண்டிருந்த லாஸ் அலமோஸுக்குப் போய்ச் சேர்ந்தார்.

அந்த மார்ச்சில் சாட்விக் வீட்டில் ஓர் இரவு விருந்து. திட்டத்தின் ராணுவத் தலைவர் ஜெனரல் லெஸ்லி குரோவ்ஸும் வந்திருந்தார். பேச்சுவாக்கில் அவர், இந்தக் குண்டின் உண்மையான நோக்கம் சோவியத்துகளை அடக்கி வைப்பதுதான் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். அப்போது சோவியத் ரஷ்யா கூட்டாளி நாடு. ஹிட்லரின் படையோடு மோதி லட்சக்கணக்கில் செத்துக்கொண்டிருந்தவர்கள் அந்த நாட்டு மக்கள். ராட்பிளாட்டுக்கு அன்றே உறுத்தியது. இருந்தும் உடனே கிளம்பிவிடவில்லை. ஜெர்மனி பற்றிய பயம் அப்படியே இருந்ததே.

அந்த வருடக் கடைசியில் சாட்விக்கே அவரிடம் இன்னொரு சேதி சொன்னார்: ஜெர்மானியர்கள் குண்டு முயற்சியை எப்போதோ கைவிட்டுவிட்டதாக உளவுத் தகவல். ராட்பிளாட் இங்கிலாந்துக்குத் திரும்ப அனுமதி கேட்டார். எடுத்த காரணம் போய்விட்டது, இனி எனக்கு இங்கே என்ன வேலை என்பதுதான் அவர் கணக்கு.

விட்டார்களா? அவர் ரஷ்ய உளவாளி என்று ஒரு கோப்பே தயாராக இருந்தது. அதிலிருந்த குற்றச்சாட்டுகளை அவரால் உடைக்க முடிந்ததால் தப்பினார். விலகும் காரணத்தை யாரிடமும் சொல்லக்கூடாது, போலந்தில் இருக்கும் மனைவியைப் பற்றிய கவலை என்று சொல்லிக்கொள்ளலாம் என்ற நிபந்தனையோடு போகவிட்டார்கள். 1944 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கப்பலேறினார். ஆராய்ச்சிக் குறிப்புகளும் கடிதங்களும் இருந்த அவருடைய பெட்டி வாஷிங்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ரயிலில் காணாமல் போனது, போனதுதான். அந்தத் திட்டத்தில் ஆயிரக்கணக்கானோர் இருந்தார்கள். மனசாட்சிக்காக நடுவில் இறங்கிய விஞ்ஞானி என்று அறியப்படுபவர் இவர் ஒருவர்தான்.

மற்றவர்கள் கெட்டவர்களா? இல்லை. உங்கள் கேள்விக்கு அவர்கள்தான் நல்ல பாடம். ரிச்சர்ட் ஃபைன்மன் அங்கே இருந்தார். மூளைக்கு உதாரணம் சொல்ல அவரைவிட ஆள் கிடைக்காது. அவரும் ஜெர்மனிக்குப் பயந்துதான் சேர்ந்தார். 1945 மே மாதம் ஜெர்மனி சரணடைந்தது. பிற்காலத்தில் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்: எந்தக் காரணத்துக்காகச் சேர்ந்தேனோ அது மாறியபோது, இன்னும் ஏன் இதைச் செய்கிறோம் என்ற நினைப்பே எனக்கு ஒரு கணமும் வரவில்லை. நின்று யோசித்து "தொடரலாம்" என்று முடிவெடுத்திருந்தால் அது வேறு. யோசிக்கவே இல்லை என்பதைத்தான் அவர் தன் தவறாகச் சொன்னார். எனக்கு அவர் மீது மரியாதை கூடியது அந்தப் பேட்டியால்தான்.

ராபர்ட் வில்சன் இன்னும் வினோதம். இந்தக் குண்டு நாகரிகத்தை என்ன செய்யும் என்று பேச லாஸ் அலமோஸிலேயே ஒரு கூட்டம் கூட்டியவர் அவர். அப்படிப்பட்டவருக்கும் ஜெர்மனி விழுந்த அன்று மூட்டை கட்டலாம் என்று தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை என்று எனக்கே விளங்கவில்லை என வயதான பிறகு வருத்தப்பட்டார். லாஸ் அலமோஸ் விஞ்ஞானிகளுக்குத் தலைவராக இருந்த ஓப்பன்ஹைமர் 1954ல் விசாரணைக் குழு முன்பு சொன்ன பதிலில் விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். தொழில்நுட்ப ரீதியில் தித்திப்பாக ஒன்று கண்ணில் பட்டால் போய்ச் செய்துவிடுகிறோம், அதை வைத்து என்ன செய்வது என்ற விவாதமெல்லாம் வெற்றிக்குப் பிறகுதான் என்றார்.

தித்திப்பு என்ற அந்தச் சொல்லைக் கவனியுங்கள். பணத்தாசை, பதவி ஆசை என்றால் நாமே நம்மைச் சந்தேகப்படுவோம். புதிர் தரும் தித்திப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை, அது கடமை மாதிரியே வேஷம் போட்டு வரும்.

அணுகுண்டு பெரிய இடத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

பல்லடத்துக்குத் தெற்கே எங்களுக்குக் கொஞ்சம் தென்னந்தோப்பு இருந்தது. அப்பாவும் சித்தப்பாவும் பங்கு பிரித்தபோது சித்தப்பா பக்கம் இருநூறு மரத்துக்கு மேல் போனது. சித்தப்பா கணக்கில் புலி. சுற்றுவட்டாரத்தில் யார் போர்வெல் போட்டாலும் சைக்கிளில் போய் நின்று, எத்தனை அடியில் பாறை, எத்தனை அடியில் ஈரம், எத்தனை இஞ்சு தண்ணீர் என்று ஒரு நீளக் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்குச் சிரிப்பு. அவர் நோட்டைப் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டக்காரர்களே இடம் குறிப்பார்கள். முதல் போர் 350 அடியில் நன்றாகவே தண்ணீர் கொடுத்தது. அது வற்றியதும் அடுத்தது 600 அடி. அதற்கடுத்தது 800. ஒவ்வொன்றுக்கும் காரணம் ஒன்றுதான்: மரம் காயக்கூடாது.

2016ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. அடுத்த கோடையில் குருத்து தொங்கி, மட்டை கழன்று, மொட்டை மொட்டையாக மரங்கள் நின்றன. பார்க்கச் சகிக்காது. வெட்டி, செங்கல் சூளைக்கு லோடு ஏற்றி அனுப்பினோம். ஐந்து போர் போட்டும் காப்பாற்ற முடியவில்லை.

கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து விடியற்காலையில் ரிக் வண்டிச் சத்தம் கேட்டு அப்பாவும் நானும் போனோம். வெட்டிய தூர்களுக்கு நடுவே வண்டி நிற்கிறது. 700 அடி தாண்டியும் வெள்ளைப் புகையாகப் பாறைப் பொடிதான் பறக்கிறது. சித்தப்பா தலை, புருவம் எல்லாம் மாவு பூசின மாதிரி. குழாய் வாயில் கை நீட்டிப் பொடியைப் பிடித்து விரலால் கசக்கிக் கசக்கி ஈரம் பார்க்கிறார்.

"ஏன்டா, மரமே போயிருச்சு. இனித் தண்ணி யாருக்குடா?" என்றார் அப்பா.

"இல்லீங்ணா, போன தடவ கணக்கு எங்க தப்புச்சுன்னு கண்டுபுடிச்சிட்டனுங்க. இந்த வாட்டி தொள்ளாயிரத்தம்பதுல கண்டிப்பா வெடிப்பு இருக்குதுங்க, பாருங்க."

அப்பா கேட்டது ஒன்று, சித்தப்பா சொன்னது வேறொன்று. ஏமாற்றுவதற்காக இல்லை, அவர் காதில் கேள்வி அப்படித்தான் விழுந்தது. தண்ணீர் யாருக்கு என்று கேட்டால், தண்ணீர் எங்கே என்று பதில் வருகிறது. ஆறாவதும் புகைதான். ஏழாவதும் போட்டார். அப்பா ஆறாம் வகுப்பு தாண்டாதவர். தன் பங்கு மரங்கள் வாட ஆரம்பித்தபோதே பாதியை விட்டுவிட்டு, சோளத் தட்டு விதைத்து நாலு ஆடு வாங்கிக் கட்டியிருந்தார். சித்தப்பாவின் நோட்டு இன்றைக்கும் அந்தப் பகுதி நிலத்தடி நீருக்கு நல்ல ஆவணம், ஒரு பிழை காட்ட முடியாது.

இதைச் சொன்னால் உடனே ஒரு எதிர்க்கேள்வி வரும். அப்படியானால் விடாமுயற்சி என்பது? கஷ்டம் வந்தால் விட்டுவிட்டுப் போவதுதான் விவேகமா? இந்தச் சந்தேகம் நியாயமானது. காரணம் செத்துப்போவது வேறு, வழி கஷ்டமாக இருப்பது வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு, கொஞ்சம் வலித்ததும் "நான் விவேகி" என்று நழுவுகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ராட்பிளாட் குண்டு செய்வது கடினம் என்று விலகவில்லை.

கஷ்டம் என்பதைப் பற்றிப் பேசினால் கணிதவியலாளர் ஆண்ட்ரூ வைல்ஸை விட முடியாது. பத்து வயதில் கேம்பிரிட்ஜில் ஒரு நூலகத்தில் ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தைப் படித்துவிட்டு, இதை நான் நிரூபிப்பேன் என்று கிளம்பிய பையன். முந்நூறு வருடமாக யாருக்கும் பிடிபடாத கணக்கு. பெரியவனாகி ஆராய்ச்சிக்கு வந்தபோது அவர் என்ன செய்தார்? அதை ஓரமாக வைத்துவிட்டார். வழிகாட்டி ஜான் கோட்ஸ் சொன்னபடி நீள்வட்ட வளைவரைகள் என்ற வேறு துறைக்குப் போனார். ஃபெர்மாவின் மேல் பாய்வதற்கு அன்றைக்குக் கையில் ஆயுதமே இல்லை, வருடக்கணக்கில் உட்கார்ந்தாலும் ஒன்றும் தேறாமல் போகலாம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பிறகு 1986 கோடையில் ஒரு நண்பர் வீட்டில் ஐஸ் டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, கென் ரிபெட் ஒன்றை நிரூபித்துவிட்டார் என்ற சேதி பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்தது. நீள்வட்ட வளைவரைகளைப் பற்றிய ஒரு பெரிய ஊகத்தை நிரூபித்தால் ஃபெர்மாவும் கூடவே விழும் என்பதுதான் அதன் பொருள். அதாவது, இவர் துறைக்கே அந்தக் கணக்கு நடந்து வந்துவிட்டது. மற்ற ஆராய்ச்சிகளையெல்லாம் நிறுத்திவிட்டு வீட்டு மாடியறையில் ஏழு வருடம். 1993 ஜூனில் அறிவித்தார், சில மாதங்களில் நிரூபணத்தில் ஓட்டை தெரிந்தது, 1994 செப்டம்பரில் அதை அடைத்தார்.

எல்லோரும் இந்தக் கதையில் அந்த ஏழு வருட உழைப்பைத்தான் புகழ்வார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது, அதற்கு முன்பு பத்து வருடத்துக்கு மேல் அவர் அதைத் தொடாமல் இருந்தது. உயிருக்குயிரான ஆசையை, நேரம் வரவில்லை என்று மூடி வைக்கத் தெரிந்திருந்தது. சேதி வந்த அன்றே அதை எடுக்கவும் தெரிந்திருந்தது.

ரிச்சர்ட் ஹாமிங் இதையே வேறு பக்கத்திலிருந்து சொன்னார். கணினியில் பிழை திருத்தும் குறியீடுகளைக் கண்டுபிடித்தவர். இவரும் 1945ல் லாஸ் அலமோஸில் கணக்குப் பொறிகளை ஓட்டிக்கொண்டிருந்தவர்தான். பிறகு பெல் லேப்ஸ் என்ற அமெரிக்கத் தொலைபேசி நிறுவன ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தபோது மதியச் சாப்பாட்டுக்கு வேதியியல்காரர்கள் மேசையில் போய் உட்கார ஆரம்பித்தார். உங்கள் துறையில் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று முதலில் விசாரித்தார். நீங்கள் எந்த முக்கியமான பிரச்சினையில் வேலை செய்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. கடைசியாக ஒரு நாள், நீங்கள் செய்வது முக்கியமும் இல்லை, முக்கியமான எதற்கும் வழிவிடப் போவதும் இல்லை என்றால் அதை ஏன் செய்துகொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டார். அதோடு அந்த மேசையில் அவருக்கு வரவேற்பு போய்விட்டது. வேறு மேசை தேடிக்கொண்டார். நம் ஊரில் கேட்டிருந்தால் "சோத்துல கை வெக்கறப்ப வந்துட்டான் பாரு" என்றிருப்பார்கள். ஒருவர் மட்டும் சில மாதங்கள் கழித்து அவரைத் தாழ்வாரத்தில் நிறுத்தி, கோடை முழுவதும் உங்கள் கேள்வியைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன், ஆராய்ச்சியை மாற்றவில்லை, ஆனாலும் யோசித்தது நல்லதாகப் போயிற்று என்றாராம். கொஞ்ச நாளில் அவரே துறைத் தலைவரானார். இதையெல்லாம் ஹாமிங் 1986ல் ஓர் உரையில் சொன்னார்.

அந்த உரையில் எனக்கு உதவியது இன்னொரு வரி. விளைவு பெரிது என்பதால் மட்டும் ஒரு பிரச்சினை முக்கியமாகிவிடாது, அதைத் தாக்க ஒரு நியாயமான வழி கையில் இருந்தால்தான் முக்கியம் என்கிறார். காலப்பயணமும் புவியீர்ப்பை எதிர்ப்பதும் பெரிய விஷயங்கள், ஆனால் யாரிடமும் வழி இல்லாததால் அவற்றில் யாரும் உட்காருவதில்லை. வைல்ஸ் 1986 வரை காத்திருந்ததும் இதனால்தான்.

நீங்கள் கேட்டது உங்களைப் பற்றி. எதை எடுத்தாலும் முடித்துவிடுவேன் என்று எழுதியிருக்கிறீர்கள், எனக்குப் பயம் அந்த வரியில்தான். முடிகிறது என்பதையே காரணமாக எடுத்துக்கொண்டு பலர் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள், வேலையை, சிலர் ஊரையே தேர்ந்தெடுக்கிறார்கள். மார்க் வந்தது, அதனால் அந்தக் குரூப். இண்டர்வியூவில் தேறியது, அதனால் அந்த கம்பெனி. நானும் ஒரு பரீட்சையை நாலு தடவை எழுதினேன். முதல் தடவை எழுதியதற்குக் காரணம், வீட்டில் ஒரு நிரந்தர வருமானம் வேண்டும் என்பது. மூன்றாவது தடவைக்குள் வேறு வேலையில் நிரந்தர வருமானம் வந்துவிட்டது. நாலாவது தடவை எதற்கு எழுதினேன் என்று இன்றைக்குக் கேட்டால், போன முறை மூன்று மார்க்கில் போனது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. சித்தப்பாவைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை கிடையாது.

இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பெரிதாக எதையாவது தொடங்கும்போது டைரியில் தேதி போட்டு, எதற்காக இதை எடுக்கிறேன் என்று இரண்டு வரி எழுதிவிடுவேன். அதன் கீழே, எந்தச் சேதி வந்தால் இதை விட்டுவிடுவேன் என்று ஒரு வரி. ராட்பிளாட்டுக்கு அந்தச் சேதி சாட்விக் வாயிலிருந்து வந்தது. அவர் மனசில் அந்தக் கடைசி வரி ஏற்கெனவே எழுதியிருந்ததால் அதைச் சேதியாக எடுத்துக்கொள்ள முடிந்தது. ஜெர்மனி விழுந்தது மே மாதத்தில் எல்லோர் காதிலும்தானே விழுந்தது. எழுதி வைக்காவிட்டால் என்ன ஆகும் என்றால், பழைய காரணம் போன இடத்தில் புதுக் காரணம் ஒன்றை நம் மூளை சத்தமில்லாமல் செய்து வைத்துவிடும். மூளை எவ்வளவு நல்லதோ அவ்வளவு நேர்த்தியாகச் செய்யும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பேன். சில சமயம் என் கையெழுத்தே எனக்கு ஆச்சரியமாக இருக்கும், இதற்காகவா இறங்கினோம் என்று.

முடியுமானால் ஒரு ஆளையும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் துறை தெரியாதவராக இருப்பது நல்லது. துறை தெரிந்தவர் உங்களோடு சேர்ந்து எத்தனை அடி என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்.

விலகிய பிறகு என்ன என்பதையும் யாராவது கேட்பீர்கள். ராட்பிளாட் இயற்பியலை விடவில்லை. லண்டனில் ஒரு மருத்துவமனைக் கல்லூரிக்குப் போய், கதிர்வீச்சு உடம்பை என்ன செய்யும் என்ற ஆராய்ச்சியில் இறங்கினார். 1954 மார்ச்சில் அமெரிக்கா பிகினி தீவில் ஹைட்ரஜன் குண்டு வெடித்தபோது ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் சாம்பல் விழுந்தது. அதன் கதிரியக்க அளவுகளைப் பார்த்து, அமெரிக்கா வெளியே சொன்னதைவிட அந்தக் குண்டு எவ்வளவு அசுத்தமானது என்று கணக்குப் போட்டுச் சொன்னவர்களில் அவரும் ஒருவர். அதே மூளைதான், அதே அணுக்கணக்குதான். 1957ல் அமெரிக்கா, சோவியத் என்ற இரு தரப்பு விஞ்ஞானிகளையும் உட்கார வைத்துப் பேசிய பக்வாஷ் மாநாட்டைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர். 1995ல் அவருக்கும் பக்வாஷுக்கும் சேர்த்து அமைதிக்கான நோபல் கொடுத்தார்கள். டோலாவுக்குப் பிறகு அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்திரண்டு. ஏழு போர்களில் ஆறின் வாயை இரும்புத் தகடு வைத்து வெல்டிங் அடித்து மூடியாயிற்று. முதலில் போட்ட 350 அடிக் குழியைச் சுற்றி மட்டும் ஜல்லியும் மணலும் கொட்டி, வீட்டுக் கூரையில் விழும் மழைத் தண்ணீரைக் குழாய் போட்டு அதில் இறக்கிக்கொண்டிருக்கிறார். எத்தனை மழைக்கு எத்தனை அடி ஏறுகிறது என்று அந்தப் பழைய நோட்டின் கடைசிப் பக்கங்களில் எழுதி வருகிறார். போன ஐப்பசியில் போயிருந்தபோது நோட்டை எடுத்துக் காட்டினார். எதுக்குங்க சித்தப்பா இது என்று கேட்டேன். வாசலில் நட்டிருந்த நாலு தென்னங்கன்றைக் காட்டினார்.